தீயும் எல்லைக்கோடும்: சில நாவல்களை முன்வைத்து



அண்மையில் படித்த நாவல்களைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் அழைத்தார்கள். நான் இலக்கிய விமர்சகர் அல்ல. சமூகவியலில் முதுகலை படித்தவள். படித்த பிறகு என் வேலை பெரும்பாலும் சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா, வன்கொடுமை வழக்கு என்று மேசை மேசையாக அலைவதுதான். அதனால் நாவலைக் கையில் எடுத்ததும் நான் கேட்கிற கேள்விகள் வேறு. இதில் கூலி எவ்வளவு? நிலம் யார் பேரில் இருக்கிறது? சாட்சி சொல்வது யார்? அந்தச் சாட்சியை யார் எழுதிக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் கடந்த சில ஆண்டுகளாகப் படித்தேன், சிலவற்றைத் திரும்பவும் படித்தேன். மேடையில் பேசியதை அச்சுக்காகக் கொஞ்சம் விரித்திருக்கிறேன்.

வெண்மணியிலிருந்து தொடங்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நான் நாகைப் பக்கத்தில் பிறந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. "உங்க மாமன் வெண்மணிக்கு மறுவருசம் பொறந்தவன்" என்பாள் அம்மாச்சி. ஒரு படுகொலை எங்களுக்கு நாட்காட்டியாக இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 44 பேரை ராமையாவின் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் கௌரவமும் உள்ளவர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. சமூகவியல் வகுப்பில் வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் என்று மாக்ஸ் வெபரைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்த ஒரு தீர்ப்பைப் பாடமாக வைத்திருந்தால் போதுமே என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

நீதிமன்ற ஆவணம் இப்படி இருக்கும்போது நாவல்களுக்கு என்ன வேலை இருந்தது? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் மீதான சண்டை என் பிறப்புக்கு முந்தியது. அரைப்படி நெல்லுக்காக நடந்ததைப் பண்ணையாரின் ஆண்மைக் குறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று இடதுசாரிகள் அன்றைக்கே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இப்போது படிக்கும்போது என்னை உறுத்தியது வேறு. டெல்லியிலிருந்து வரும் கோபாலும் சிவாவும் படித்தவர்கள். ஊர் நடப்பை அவர்கள்தான் பார்க்கிறார்கள், விவாதிக்கிறார்கள், பதறுகிறார்கள். எரிகிறவர்கள் அவர்களுடைய விவாதத்துக்குப் பின்னணியாக நிற்கிறார்கள். கண்ணையா நாயுடுவுக்கு ஒரு மனம் இருக்கிறது, அந்த மனத்துக்குள் ஒரு காயம் இருக்கிறது. நடவு நட்டுவிட்டுக் கரையேறும் பெண்ணுக்கு நாவலில் அப்படி ஓர் உள்ளறை கிடைப்பதில்லை. கொன்றவனுக்கு உளவியல், செத்தவர்களுக்கு எண்ணிக்கை என்பதே இந்தப் பங்கீடு. நிலப் பங்கீட்டை விட இது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999இல் வந்தது. இது கீழத்தஞ்சை மண்ணுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. வயல் வேலையின் படிநிலைகள், களத்துமேட்டு அளவை, பேச்சு எல்லாம் நம்முடையவை. ஒரு மிராசு வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் சேரிக்கும் நடுவே உள்ள தூரத்தை அடி கணக்கில் சொல்லிவிடலாம், அவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்கிறார். எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். கொடி உயரும் இடங்களில் எல்லாம் சாதி மெல்லக் கூலிப் பிரச்சினைக்குள் கரைந்துவிடுகிறது. செத்த 44 பேரும் ஏன் ஒரே தெருவிலிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு வர்க்கம் மட்டும் பதில் சொல்லாது. இதைச் சொல்வதால் 1940களில் பி. சீனிவாசராவ் இங்கே வந்து சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சேரி சேரியாக நடந்ததை நான் குறைக்கவில்லை. எங்கள் அப்பா அவர் பெயரைச் சொல்லும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். பண்ணையார்கள் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த இயக்கம்தான்.

மூன்றாவது, மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வெளிவந்த நாவல். தமிழில் 'குறத்தியம்மன்' என்று வந்தது. பலருக்கு இது பிடிக்கவில்லை. கதை சொல்லாமல் விளையாடுகிறார் என்றார்கள். என் கருத்து நேர் எதிர். பண்ணையார் தரப்பு மனு, துண்டறிக்கை, புள்ளிவிவரம், வாக்குமூலம் என்று காகிதங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். தீ வைக்கும் பகுதியை முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வாக்கியமாக எழுதுகிறார். மூச்சு வாங்க இடம் கொடுப்பதில்லை. அலுவலக மேசைகளில் காத்துக் கிடந்தவர்களுக்குப் புரியும், ஒரு கொலையை மறைப்பது கத்தியல்ல, காகிதம்தான். அதைக் காட்டிய வகையில் மூன்றில் எனக்கு நெருக்கமானது இதுவே. ஒரே குறை, ஆசிரியரின் குரல் சில இடங்களில் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே ரசித்துக்கொண்டு நிற்கிறது. வெண்மணித் தெருவில் அவ்வளவு நேரம் நம்மை நாமே ரசித்துக்கொண்டு நிற்க முடியாது.

இந்த மூன்றிலும் காரைக்கால் இல்லை. இருக்க வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் வெண்மணி எந்த நிலவுடைமை ஒழுங்கில் நடந்ததோ அதே ஒழுங்கில்தான் அரசலாற்றங்கரையும் திருநள்ளாறும் நெடுங்காடும் இருந்தன. அதே காவிரித் தண்ணீர், அதே நெல், அதே பண்ணையாள் முறை. நடுவே ஒரு கோடு மட்டும் வேறு. 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற நிலத்தின் எல்லை அது. வயலும் வாய்க்காலும் தொடர்ந்து ஓடின, சட்டம் மட்டும் வாஞ்சூரில் நின்றுவிட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1952இல் சென்னை மாகாண அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓட்டைகள் நிறைந்ததுதான், ஆனாலும் பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது என்று முதல்முறையாக எழுத்தில் வந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நாகூர்ப் பக்கத்துப் பண்ணையாளுக்குச் சட்டம் உண்டு, ஒரு கூப்பிடு தூரத்தில் இந்தப் பக்கம் நிற்கிற அவனுடைய மச்சானுக்கு இல்லை. 1954 நவம்பர் 1இல் நாம் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தோம், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி சேர்ந்தோம். அதற்குப் பிறகாவது மாறியதா? வெண்மணிக்குப் பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்து, 1969இல் கீழத்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது தமிழ்நாட்டுச் சட்டம். மறுபடியும் வாஞ்சூர். 44 பேர் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம்கூட நம் வரப்புக்கு வந்து சேரவில்லை.

கேத்லீன் காஃப் என்ற மானுடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். கும்பபேட்டை என்றும் கிரிப்பூர் என்றும் அவற்றுக்குப் பெயர் வைத்தார். கிரிப்பூர் கீழ்க்கோடியில், நாகை வட்டாரத்தில் உள்ளது. அவர் எழுதியதை மாணவியாக இருக்கும்போது படித்தேன். பள்ளத்தெருவில் யாருக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை மரக்கால் நெல், எந்தத் தவறுக்கு என்ன தண்டனை என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் குறிப்பேட்டில் இருக்கிற அளவுக்குக்கூட நம் தெருக்களின் கணக்கு நம் நாவல்களில் இல்லையே என்று அன்றைக்குத் தோன்றியது.

வெளிக்கண் என்ற இந்த விஷயம் என்னை விடுவதாக இல்லை. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 2013இல் வந்தது. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தின் நடுவே சென்னை ஐஸ் ஹவுஸில் தலித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதை எடுத்துக்கொண்ட நாவல். நம் வரலாற்றில் மறைந்து கிடந்த ஒன்றைப் பெருவாசகப் பரப்புக்குக் கொண்டுவந்தார். அதற்கு நன்றி சொல்லத் தயங்கமாட்டேன். ஆனால் நாம் அந்தப் பஞ்சத்தை ஏய்டன் என்ற அயர்லாந்து அதிகாரியின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். குற்றவுணர்ச்சி அவனுடையது, கவிதை அவனுடையது. டெல்லியிலிருந்து கோபால், அயர்லாந்திலிருந்து ஏய்டன். நம் சாவைப் பார்க்க யாராவது தொலைவிலிருந்து வந்தாக வேண்டும் போலிருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. டி. செல்வராஜின் 'மலரும் சருகும்' 1960களிலேயே நெல்லைச் சீமையின் பண்ணை உழைப்பாளிகளை எழுதியது. ஈழத்தில் கே. டேனியல் 1972இல் 'பஞ்சமர்' எழுதினார். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைப் பிரவேசமும் கோயில் நுழைவுப் போராட்டங்களும் அவர் தாமே நின்ற களங்கள். அந்த டேனியல் 1986இல் சிகிச்சைக்காக இங்கே வந்து, தஞ்சாவூரில்தான் இறந்தார் என்பதை நம் இளைஞர்கள் எத்தனை பேர் அறிவார்கள்? 1989இல் சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1992இல் பாமாவின் 'கருக்கு', 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி இதெல்லாம் மடமடவென்று வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தை இமையம் எழுதியபோது நமக்குள்ளே எவ்வளவு வாக்குவாதம்! நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாரே என்றார்கள். ஏற்றட்டும். தனக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் தெருவிலும் இருக்கிறது என்பதை ஆரோக்கியத்தின் அழுகையைக் கேட்ட பிறகு மறுக்க முடியாது. சிவகாமி காத்தமுத்து என்ற தலித் தலைவரை வீட்டுக்குள் வைத்துக் காட்டியபோதும் இதே கோபம்தான் கிளம்பியது. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் நம்மை விட்டுப் போன ராஜ் கௌதமனைச் சொல்லாமல் புதுவை மாநிலத்தில் யாரும் தலித் நாவலைப் பற்றிப் பேச முடியாது. 'தலித் பண்பாடு', 'க. அயோத்திதாசர் ஆய்வுகள்' என்று ஆய்வாளராகவே அவரைப் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் முதலில் 'சிலுவைராஜ் சரித்திர'த்தின் ஆசிரியர். தன்னையே இவ்வளவு கேலி செய்துகொண்டு எழுதிய தன்வரலாற்று நாவல் தமிழில் அரிது. அந்தச் சிரிப்பு யாரையும் ஆறுதல்படுத்துவதில்லை. கத்தோலிக்கனாகப் பிறந்த படித்த இளைஞன் வேலைக்காக இந்துவாக மாறுகிற இடத்தில் கதை வந்து நிற்கும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது, இவர்களுக்கு இன்றுவரை இல்லை. இந்தச் சட்ட வரலாற்றை நான் கூட்டங்களில் பல தடவை விளக்கியிருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். சிலுவைராஜின் கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கேலி செய்பவன் உள்ளேயிருந்து பேசுகிறான், அவனுக்கு டெல்லிக்காரனோ அயர்லாந்துக்காரனோ தேவைப்படவில்லை.

இமையத்தின் 'செல்லாத பண'த்தை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். 2020க்கான அகாதெமி விருது பெற்றது. ரேவதி என்ற பொறியியல் படித்த பெண், பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு, கடைசியில் தீயில் கருகிக் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. காரைக்காலிலிருந்து நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு இரவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று எண்ணிக்கொண்டே போனவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருப்பீர்கள். அந்த வராந்தா, தட்டில் வாங்கிவந்து தொடாமல் ஆறிப்போன இட்லி, மருத்துவர் எப்போது வெளியே வருவார் என்ற ஏக்கம், எல்லாம் இருக்கின்றன. அப்பா தலைமையாசிரியர், பணம் இருக்கிறது, அது செல்லவில்லை. சாதிப் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்படாத நாவல் இது. ஆனால் அவள் ஏன் வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள் என்பதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் விடை இருக்கிறது. வெண்மணி நாவல்களில் தீ வெளியிலிருந்து வருகிறது, இங்கே சமையலறையிலிருந்து வருகிறது. எரிவது இரண்டிலும் பெண்ணுடல். ஒரு குறை சொல்ல வேண்டுமானால், அழுகையின் அளவு சில இடங்களில் மிகுந்து, கேட்பவருக்கு மரத்துவிடுகிறது. ஒரு வேளை மருத்துவமனை வராந்தாவும் அப்படித்தானோ என்னவோ.

தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' சிந்தாதிரிப்பேட்டையை எழுதியது. நகரத்துச் சேரியை இரக்கத்தோடு பார்க்காமல் உறவுக்காரன் வீட்டுக் கதைபோல எழுதியது பிடித்திருந்தது. அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை. நம் ஊருக்கு வருகிறேன்.

காரைக்காலுக்கு ஒரு தலித் நாவல் வேண்டுமென்றால் அதற்கான கதை எங்கே கிடக்கிறது? பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்துப் புதுச்சேரியை எழுதினார். அரண்மனைக்குள் நின்று எழுதாமல் தெருவைப் பார்க்க முயன்றவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. ஆனாலும் மூல ஆவணம் துபாஷியுடையது. 1743இல் ஆட்களைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற செய்தியை அந்த நாட்குறிப்பும் பதிகிறது. கடத்தப்பட்டவர்களுக்கு நாட்குறிப்பு இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் சமத்துவக்காரர்கள் என்று நம் ஊரில் ஒரு பழைய பெருமை உண்டு. 1819இல் அவர்களே ஆணை போட்டார்கள்: இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே நடத்தப்படுவார்கள் என்று. 1848இல் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். ஒழித்த கையோடு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கே கிடைப்பார்கள்? 1853இல் மார்த்தினிக்கிற்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிற்கும் முதல் கப்பலாகப் போய்ச் சேர்ந்தது 'ஓரெலி'. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. குவாதலூப்பிற்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்கிற்குச் சுமார் 25,000 பேர், ரெயூனியனுக்கு இவற்றைவிட அதிகம். 1861 ஒப்பந்தத்துக்குப் பின் ஆங்கிலேயர்களும் தங்கள் பகுதி மக்களை எடுத்துப்போக அனுமதித்து, நம் துறைமுகத்தில் தங்கள் முகவரையும் வைத்தார்கள். தஞ்சை நிலத்தில் பண்ணையாளாக இருந்தவனுக்குப் பிரெஞ்சு எல்லைக்குள் நுழைவது தப்பித்தலா, வேறொரு பண்ணைக்கு விற்கப்படுவதா? இந்த ஒரு கேள்விக்குள் ஒரு முழு நாவல் இருக்கிறது.

எழுதியவர்கள் உண்டு, மறு கரையில். மார்த்தினிக்கின் ரஃபாயல் கொன்ஃபியான் 2004இல் 'நரியின் வயிறு' என்று பொருள்படும் பெயரில், பஞ்சத்தில் தமிழகத்தை விட்டுப் போன கூலிகளைப் பற்றிப் பிரெஞ்சில் நாவல் எழுதினார். புதுச்சேரியில் வளர்ந்த ஆரி கொதியே 'திண்ணை' என்ற தமிழ்ப் பெயரிலேயே 2018இல் பிரெஞ்சு நாவல் எழுதினார். குருசுகுப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற சொல்தாக்களும் கிரியோல்களும் பேசிக்கொள்கிற கதை. கூலிக்காரனின் பேரன் பிரெஞ்சில் நாவல் எழுதிவிட்டான். அவனுடைய தாத்தா ஏறிய துறைமுகத்திலேயே இருந்துவிட்டவனின் பேரன் இன்னும் தமிழில் எழுதவில்லை. குவாதலூப்பில் ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை, இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி வழக்காடினார். அந்தப் பெயரைக் கேட்டால் சிதம்பரம் பக்கத்து ஆள் என்று நாம் சொந்தம் கொண்டாடுவோம். எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று கேட்பதில்லை.

சொல்தா கதை இன்னொன்று. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகிறவர் புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் கிறித்தவர்களும் அதில் கணிசம். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பறையன் என்ற பெயர் போய்விடும் என்று நம்பி ஒருவர் அலுவலகப் படி ஏறியிருப்பார். என்ன பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பார்? யாரிடம் கேட்டிருப்பார்? 1884இல் வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பெயர் மாறினாலும் ஐரோப்பியர் பட்டியலில் இடமில்லை, தனிப்பட்டியல்தான். சாதியைத் துறந்தவர்களையே ஒரு சாதி ஆக்கிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இந்தோசீனாவுக்குப் போனார்கள், பென்ஷனோடு திரும்பினார்கள், சேரிக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் குடித்தெருக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்களா? இதை ஆவணக் காப்பகம் சொல்லாது.

தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குப் போன கூலிகளின் கப்பல் பதிவேடுகளில் பெயர், அப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். சாதியைத் துறக்கச் சொல்கிற காகிதம் ஒன்று, சாதியைத் தழும்போடு சேர்த்து எழுதிக்கொள்கிற காகிதம் ஒன்று. மூன்றாவது காகிதம் எங்களுடையது. 1964இல் புதுச்சேரிக்கெனத் தனிப் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அன்றிலிருந்து பூர்வீகம், குடியேறியவர் என்ற பிரிவினை வந்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் நாகூர், திருமருகல், தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே மருமகள்களாக வந்தவர்கள். பிறந்த வீட்டில் பட்டியல் சாதி. பத்து மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டால், விண்ணப்பத்தைப் பார்த்து எழுத்தர் கேட்கிறார்: "நீங்க இந்த ஊரு எஸ்.சி.யா, அந்த ஊரு எஸ்.சி.யாம்மா?" கிணற்றடியில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அங்கே அவள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எஸ்.சி.தான்.

போன மாதம் என்னோடு வந்த ஒரு தங்கச்சி, இருபத்தாறு வயது, கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, திரும்பும்போது பேருந்தில் கேட்டாள்: "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி நாம யாரு, பின்னாடி யாருன்னு இவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பையில் எப்போதும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் எந்த மேசையில் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு அதில் எழுதி வருகிறாள். முப்பத்தெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. நான் படித்துப் பார்த்தேன். கூலி, நிலம், சாட்சி எல்லாம் அதில் இருக்கின்றன.